கொலுசு சத்தமும் ஒரு பழைய இன்ஜினும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசமாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா உண்மையான காரணம் ஒரு பழைய எஸ்யூவி. அதை வாங்கினது, அது நடு மலையில நின்னது, அதோட இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு நாங்க முழிச்சதுன்னு பெரிய கதை. இப்பதான் வண்டி ஓடுது, சொல்லலாம்னு தைரியம் வந்திருக்கு.

வண்டி பேரு கேக்காதீங்க. சொன்னா அதே வண்டி வச்சிருக்கறவங்க சண்டைக்கு வருவாங்க. :-) 2014 மாடல், டீசல், ஏழு பேர் உக்காரலாம், மீட்டர்ல 1,12,000 கி.மீ. விலை 5,60,000 ரூபாய். அதுல ரெண்டு லட்சம் அப்பாவோட ரிட்டயர்மென்ட் காசு. இந்தக் கதையில கனமான விஷயம் அதுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்கப்பா 31 வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டினவர். அந்த ஜீப் இன்ஜின் சத்தத்துல பக்கத்துல உக்காந்திருக்கறவர் பேசறது கேக்காது. சத்தியமங்கலம் காடு, திம்பம் மலை, தாளவாடின்னு ஆபீசர்களை ஏத்திக்கிட்டு அலைஞ்சவர். சொந்தமா ஒரு மொபெட்டுக்கு மேல வாங்கினதில்ல. ரிட்டயர் ஆனப்ப, "ஒரு ஜீப்பாட்டம் வண்டி நம்ம வாசல்ல நிக்கோணும் கண்ணு"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. அதனாலதான் அது என் மண்டையிலயே உக்காந்துக்கிச்சு.

நானு மெக்கானிக்கல் இன்ஜினியரிங். படிச்சு முடிச்ச கையோட பொட்டி தட்டற வேலைக்கு வந்தாச்சு. ஃபோர் ஸ்ட்ரோக் சைக்கிளை பரீட்சையில அழகா வரைஞ்சு 16 மார்க் வாங்கினவன். நிஜ இன்ஜின்ல டிப்ஸ்டிக் எங்க இருக்குன்னு தேடறவன். ஆனா சொந்தபந்தம் எல்லாருக்கும், "இவன் மெக்கானிக்கல்ல, வண்டி வாங்கினா இவனைக் கூட்டிட்டுப் போகோணும்"னு ஒரு நம்பிக்கை. எனக்கே வண்டி வாங்கற நேரம் வந்தப்ப நான் நம்பினது அப்பாவோட காதை.

நம்பாம எப்படி இருக்க முடியும்? எங்க தெருவுல எந்த வண்டி போனாலும் வீட்டுக்குள்ள இருந்தே, "இவனுக்கு ரெண்டாவது சிலிண்டர் அடிக்கல"ன்னு சொல்லுவார். சின்ன வயசுல அதைப் பார்த்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னிருக்கேன்.

2024 ஆகஸ்ட். ஆடி முடியட்டும்னு அம்மா சொன்னதால காத்திருந்து ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குப் போனோம். விக்கறவர் வீடு ஈரோட்டுல. பழைய வண்டி பார்க்கும்போது இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும், சூடான இன்ஜின் பாதி வியாதியை மறைச்சுடும்னு எனக்குத் தெரியும். அதனால, "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க"ன்னு முதல் நாளே சொல்லி வச்சிருந்தேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. அவர் பேச்சு மாறலை. அந்த விஷயத்துல நல்ல மனுஷன்தான்.

ஸ்டார்ட் பண்ணினார். உடனே பிடிச்சுது. நீலப் புகை இல்ல, அதாவது ஆயில் எரியல. வெள்ளைப் புகை நிக்காம வரல, அதாவது கூலன்ட் உள்ள போகல. ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு அழுத்தமா புகை வரல, அதாவது பிஸ்டன் ரிங் தேவலாம். புஸ்தகத்துல படிச்சது எல்லாம் பாஸ். நான் பெரிய ஆளாட்டம் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் பானெட் பக்கத்துல நின்ன அம்மா சொன்னாங்க. "ஏனுங்க, ஸ்டார்ட் பண்ணதும் கொலுசாட்டம் ஒரு சத்தம் வந்து நின்னுச்சுங்களே?"

விக்கறவர் சிரிச்சார். "டீசல் வண்டிங்கம்மா, அப்படித்தானுங்க இருக்கும்." அப்பாவும் சிரிச்சார். "எனக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேட்டுருச்சாக்கும்?" அம்மா அதுக்கு மேல பேசல.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன் மக்களே. அந்தச் சத்தம் எனக்கும் லேசா கேட்டுச்சு. ரெண்டு மூணு செகண்ட், சலசலன்னு. ஆனா அப்பாவே ஒண்ணுமில்லன்னுட்டார். அவரை விட எனக்கா தெரியும்னு விட்டுட்டேன். இன்னொண்ணு, அந்த நேரத்துல என் கையில ஒரு ஃபைல் இருந்துச்சு. வண்டியோட சர்வீஸ் பில் எல்லாம் இருந்த ஃபைல். கனமா இருந்துச்சு, அதனால நல்லா பராமரிச்ச வண்டின்னு முடிவு பண்ணினேன். திறந்து படிக்கல.

நாலு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்பா தினமும் காலையில துடைப்பார். வாசல்ல நிக்கற வண்டியைப் பார்த்துக்கிட்டே காபி குடிப்பார்.

2025 தை மாசம் தாளவாடியில ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். பண்ணாரி கோயில்ல நிறுத்திச் சாமி கும்பிட்டுட்டு மலை ஏற ஆரம்பிச்சோம். திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது வளைவு தாண்டினதும் முன்னாடி ஏதோ 'கடகட'ன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இன்ஜின் செத்துருச்சு. ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடுச்சு. பிரேக்கை ரெண்டு தடவை மிதிச்சதும் அதுவும் இறுகிடுச்சு, ஏன்னா பிரேக்குக்கு உதவற வேக்குவமும் இன்ஜின் ஓடினாத்தான் கிடைக்கும். வண்டி மெதுவா பின்னாடி உருள ஆரம்பிச்சுது. கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஒரு லாரி.

"ஹேண்ட் பிரேக்கை இழு. முழு பலத்தோட பிரேக்கை மிதி. ஃபர்ஸ்ட் கியர்ல போடு. ஸ்டீயரிங்கை மலைப் பக்கம் ஒடி." பக்கத்து சீட்டுல இருந்து அப்பா. குரல் கொஞ்சம் கூட உயரல. வண்டி நின்ன அடுத்த நிமிஷம் கீழ இறங்கி சக்கரத்துக்குப் பின்னாடி ரெண்டு கல்லு வச்சுட்டு, லாரிக்காரருக்குக் கையைக் காட்டிட்டு இருந்தார். எனக்குக் காலு நடுங்கி நிக்க அரை மணி நேரமாச்சு.

கட்டி இழுத்துட்டு கோபிக்கு வந்து, அப்பாவுக்குப் பல வருஷப் பழக்கமான மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டோம். அவர் முன் மூடியைப் பிரிச்சுப் பார்த்துட்டு வெளிய வந்தார். "தம்பி, டைமிங் செயின் பல்லு தாண்டிருச்சுங்க."

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். போரடிச்சா அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. பிஸ்டனை ஓட்டற கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வைத் திறந்து மூடற கேம் ஒரு சுத்து சுத்தணும். இந்தக் கணக்கு தப்பாம ரெண்டையும் கட்டி வைக்கறதுதான் டைமிங் செயின். சில வண்டியில அது ரப்பர் பெல்ட். பெல்ட்டுன்னா இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துன்னு கம்பெனியே சொல்லிடும். செயினுக்குப் பெரும்பாலும் அப்படிக் கெடு கிடையாது. அதனால எல்லாரும் 'செயின் இன்ஜின், ஆயுசுக்கும் தொடவே வேணாம்'னு நினைச்சுக்கறோம். ஆனா அந்தச் செயின் தேயாம இருக்கறதும், அதை இழுத்துப் பிடிக்கற டென்ஷனர் வேலை செய்யறதும் இன்ஜின் ஆயிலை நம்பித்தான். டீசல் இன்ஜின்ல கரி ஆயில்ல கலந்துக்கிட்டே இருக்கும். ஆயில் மாத்தாம ஓட்டினா அந்தக் கரி செயினோட ஒவ்வொரு பின்னையும் அரம் மாதிரி ராவும். செயின் நீளும், தொய்யும். ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆயில் கீழ இறங்கியிருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் அழுத்தம் ஏற்ற வரைக்கும் ரெண்டு மூணு செகண்ட் தொய்ஞ்ச செயின் சலசலன்னு ஆடும். அப்புறம் அமைதியாயிடும்.

இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது. டீசல் இன்ஜின்ல பிஸ்டன் மேல வரும்போது அதுக்கும் தலைக்கும் நடுவுல இடமே இருக்காது, அவ்ளோ இறுக்கி அமுக்கினாத்தான் டீசல் எரியும். செயின் பல்லு தாண்டிட்டா, வால்வு திறந்திருக்கற நேரத்துல பிஸ்டன் மேல வந்து முட்டும். எங்க வண்டியில 16 வால்வுல 11 வளைஞ்சிருச்சு. மூணாவது சிலிண்டர்ல ஒரு வால்வோட தலையே ஒடிஞ்சு, பிஸ்டன்ல ஓட்டை போட்டு, சிலிண்டர் சுவரைக் கீறி, துண்டு துணுக்கு எக்ஸாஸ்ட் வழியா போய் டர்போவையும் காலி பண்ணியிருந்துச்சு.

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே சாதாரணமா கேட்டார். "காலையில ஸ்டார்ட் பண்ணறப்ப சலசலன்னு சத்தம் வந்திருக்கோணுமே. கேக்கலீங்களா அண்ணா?"

யாரும் பேசல. அம்மா தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 'நான் அன்னிக்கே சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. அப்பா மெதுவா, "எனக்குக் கேக்கலியே"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி அந்த ஃபைலை எடுத்து முதல் தடவையா படிச்சேன். 2014ல இருந்து ஒவ்வொரு பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் ஒரு ஆயில் சர்வீஸ் பில், வரிசையா. 61,000 வரைக்கும். அடுத்த பில் 96,000ல. நடுவுல 35,000 கிலோமீட்டருக்கு ஒண்ணுமே இல்ல. நாள் பூரா ஆபீஸ்ல அடுத்தவன் எழுதின கோடை கமிட் ஹிஸ்டரி பார்க்காம தொடமாட்டேன். அஞ்சரை லட்சம் குடுத்து வாங்கின வண்டியோட ஹிஸ்டரியைக் கையில வச்சுக்கிட்டே பார்க்காம விட்டிருக்கேன். அவ்வ்வ்வ்.

இன்சூரன்ஸ் வருமான்னு கேட்டேன். தேய்மானமும் தானா வர்ற மெக்கானிக்கல் கோளாறும் பாலிசியில சேராதுன்னுட்டாங்க. அதுவும் பாலிசியிலயே எழுதியிருந்துச்சு. அதையும் படிக்கல.

இனி என்ன பண்றதுங்கறதுக்கு மூணு வழி இருந்துச்சு.

முதல் வழி, கம்பெனியில இருந்து புது இன்ஜின். எங்களுக்குச் சொன்ன கணக்கு வேலையோட சேர்த்து 3,40,000. வண்டி விலையில பாதிக்கு மேல.

ரெண்டாவது, மார்க்கெட்ல கழட்டின பழைய இன்ஜின். சென்னையில புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் கடை இருக்கற இடங்கள்ல கிடைக்கும். 85,000ன்னு ஒரு விலை வந்துச்சு, மாட்டற கூலி தனி. நான் இதுக்குத்தான் தாவினேன். மெக்கானிக் அண்ணன் கேட்டார், "நல்லா ஓடற இன்ஜினை யாருங்க தம்பி கழட்டி விப்பாங்க?" பின்னாடி அடி வாங்கிக் கண்டமான வண்டியோட இன்ஜினா இருந்தா அதிர்ஷ்டம். அதுவே வெள்ளத்துல முங்கின வண்டியோடதா இருந்தா? 2015லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனை வண்டி முங்குச்சுன்னு பார்த்தோமே. தண்ணி குடிச்ச இன்ஜின்ல கனெக்டிங் ராடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைஞ்சிருந்தாலும் கொஞ்ச நாள் ஓடிட்டுத்தான் போகும். அதை விட, அந்த இன்ஜினோட செயின் மட்டும் எந்த லட்சணத்துல இருக்கும்? நான் படிக்காம விட்ட ஃபைலாவது எங்கிட்ட இருந்துச்சு. மார்க்கெட் இன்ஜினுக்கு ஃபைலே கிடையாது.

இதுல ஒரு சட்டச் சிக்கலும் இருக்கு. இன்ஜின் பிளாக்குல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அதே நம்பர் ஆர்.சி.யிலயும் இருக்கும். இன்ஜினை மாத்தினா அந்த நம்பர் மாறிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யைத் திருத்தணும். இன்சூரன்ஸ்லயும் மாத்தணும். அதுக்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்துச்சுங்கறதுக்கு ஒழுங்கான பில்லு வேணும். இல்லன்னா அது திருட்டு வண்டி இன்ஜினாக்கூட இருக்கலாம். நாளைக்கு ஒரு விபத்துன்னா கிளெய்ம்ல கை விரிப்பாங்க. விக்கப் போனா வாங்கறவன் டார்ச் அடிச்சு நம்பர் பார்த்துட்டு ஓடிடுவான்.

மூணாவது வழி, எங்க பிளாக்கையே வச்சுக்கிட்டு மறுபடி கட்டறது. லைனர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, செயின், டென்ஷனர், ஆயில் பம்ப், டர்போ. நம்பர் மாறாது, ஆர்.சி. தொல்லை இல்ல. ஆனா பிரிச்சு முடிக்கற வரைக்கும் எவ்ளோ ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கடைசியில இதைத்தான் பண்ணினோம். அஞ்சு வாரம், 1,84,000 ரூபாய்.

அந்தக் காசு விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் காலையில அப்பா மஞ்சப்பையைக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சார். உள்ள ஃபிக்சட் டெபாசிட் பத்திரம். "நான்தானே பார்த்து எடுத்தது. பாதி நான் தர்றேன் தம்பி. எனக்கு அது கேக்கலை பாரு." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கல.

எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்துச்சோ. "எனக்குக் கேட்டுச்சுப்பா"ன்னு கத்திட்டேன். "அம்மாவுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. ஃபைலும் என் கையிலதான் இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்கன்னு நான்தான் விட்டுட்டேன்." அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருக்கோணும் கண்ணு. நான் என்ன சாமியா?"ன்னு கேட்டுட்டுப் பையை எடுத்துட்டுப் போயிட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் உறுத்துது. மரியாதைன்னு நினைச்சு நான் பண்ணினது மரியாதையே இல்ல. என் பொறுப்பை அவர் தலையில தள்ளிவிட்டிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுச்சு. டிவி சத்தம் வருஷா வருஷம் கூடினது. குக்கர் எத்தனை விசில்னு அப்பா அம்மாவைக் கேக்கறது. போன்ல பேசும்போது எல்லாத்துக்கும் "சரி, சரி"ன்னு முடிச்சுடறது. காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கிராஃப் எடுத்துக் காட்டினார். தாழ்ந்த சத்தம் எல்லாம் நல்லாவே கேக்குது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது கோடு கிணத்துக்குள்ள விழுந்தாப்பல இருந்துச்சு. "வருஷக்கணக்கா பெரிய சத்தத்துல வேலை பார்த்தவங்களுக்கு முதல்ல போறது இந்த இடம்தான். என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டார்.

அப்பா சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார்.

அதாவது தாழ்ந்த குரல்ல உறுமற சத்தம் எல்லாம் அப்பாவுக்கு இன்னிக்கும் துல்லியமா கேக்குது. சிலிண்டர் அடிக்கலைன்னா அவர்தான் முதல்ல சொல்லுவார். கொலுசு மாதிரி மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம் மட்டும் அவர் உலகத்துல எப்பவோ நின்னு போச்சு. நின்னு போனது அவருக்கே தெரியல. கேக்காத சத்தம் கேக்கலைன்னு எப்படித் தெரியும்? 31 வருஷம் ஓட்டின ஜீப் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டது அது.

இப்ப ரெண்டு காதுக்கும் மெஷின் போட்டிருக்கார். முதல் வாரம் கரண்டி விழற சத்தத்துக்கெல்லாம் திட்டினார். வண்டி வந்த அன்னிக்குக் காலையில பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தலையைச் சாய்ச்சு ரொம்ப நேரம் கேட்டார். "இது என்ன டிக் டிக்குங்குது?"

"இன்ஜெக்டர்ப்பா. எப்பவும் வர்றதுதான்."

"அப்படியா? இத்தனை நாளா கேட்டதில்லையே"ன்னார். அப்புறம் திரும்பி, "ஏம்புள்ள, இங்க வா. கொலுசு சத்தம் வருதா பாரு"ன்னு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியில இருந்து வந்து நின்னு கேட்டுட்டு, "இல்லீங்க"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் பானெட்டை மூடினார்.

டிஸ்கி: பழைய எஸ்யூவி வாங்கப் போறவங்களுக்கு, நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டது. இன்ஜினை ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி முதல் அஞ்சு செகண்டை மட்டும் கவனிச்சுக் கேளுங்க, போன்ல ரெக்கார்டு பண்ணி ஒரு மெக்கானிக்குக்குப் போட்டுக் காட்டுங்க. டிப்ஸ்டிக்ல ஆயில் கறுப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, டீசல்ல அது சகஜம். புதுசா பளபளன்னு இருந்தா, விக்கறதுக்காக நேத்துதான் ஊத்தினாங்களான்னு கேளுங்க. ஃபைலோட கனத்தைப் பார்க்காதீங்க, தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையா எழுதிப் பாருங்க. ஆர்.சி.யில இருக்கற இன்ஜின் நம்பரையும் பிளாக்குல இருக்கறதையும் டார்ச் அடிச்சு ஒத்துப் பாருங்க. இன்ஜின் மாத்தின வண்டின்னு சொன்னா உடனே ஓட வேண்டாம். பில்லு இருந்து ஆர்.சி.யும் திருத்தியிருந்தா, அது நாங்க வாங்கினதை விட நல்ல வண்டியாக்கூட இருக்கலாம். முக்கியமா, கூட வந்த யாராவது ஏதாவது சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா, அவங்க மெக்கானிக்கல் படிச்சவங்களான்னு பார்க்காதீங்க.

மறுபடி ஆணி புடுங்கப் போறேன். வரட்டுங்களா.